அறுவடைப் பேணி

அது ஐந்து கிலோ பால்மா வந்த தகரப் பேணி. பாதிவரை பச்சையரிசி. செப்டெம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை, திராட்சைத் தோட்டத்தில் அறுவடை தொடங்குமுன், அங்கே வேலை செய்கிற எல்லாரும் வரிசையாக வந்து தங்கள் ஃபோனை அந்த அரிசிக்குள் புதைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை மறுபடியும் புதைக்கவேண்டும். கடைசித் தொட்டி பிழிந்து முடியும்வரை, கிட்டத்தட்ட ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இதுதான் சட்டம். பேணி ஜெயமலரின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கும். அடிக்கிற ஃபோனை எடுத்துக் கதைப்பது அவள் வேலை. அதில் எதைக் கீழே போய்ச் சொல்லவேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்று தீர்மானிப்பதும் அவள் வேலைதான்.

சட்டம் பிறந்த கதை சின்னது. ஒரு வருடம் வேலைக்காரன் ஒருவன் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த ஃபோன் நுரைத்துக்கொண்டிருந்த தொட்டிக்குள் விழுந்துவிட்டது. ஓர்கானிக் சான்றிதழ் வாங்கிய தோட்டம். ஃபோன் பற்றறி ஊறிய சாறை யாருக்கு விற்பது? இரண்டாயிரம் லீற்றரும் மண்ணுக்குப் போனது. விழுந்த ஃபோனை மட்டும் ஜெயமலரின் மாமி நாகமணி துடைத்து, ஈரம் உறிஞ்சட்டும் என்று அரிசிக்குள் போட்டுவைத்தார். அது பிழைக்கவில்லை. பேணி நிலைத்துவிட்டது. மாமிக்குக் கை நடுங்கத் தொடங்கிய வருடம் அதை மருமகளிடம் நீட்டி, "இனி நீ பார்" என்றார். நகைப்பெட்டியைக்கூட மாமி அவ்வளவு சீக்கிரம் கொடுக்கவில்லை.

தோட்டம் கனடாவில், ஸ்காபரோவின் வடகிழக்கு மூலைக்கு அப்பால், ரூஜ் ஆற்றைத் தாண்டி, ஸ்டீல்ஸ் வீதிக்கு மேலே இருபது ஏக்கர். மாமா தம்பிமுத்து வாங்கிய காணி. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அவருடைய தகப்பனாருக்கு முந்திரிகைப் பந்தல் இருந்ததாம்; திராட்சையை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இங்கே பந்தல் இல்லை, கம்பிதான். குளிருக்கு முன் கொடிகளை வளைத்து மண்ணால் மூடி, சித்திரையில் தோண்டி எடுக்கவேண்டும். போத்தலில் ஒட்டுகிற தாளில் 'நான்கு தலைமுறை' என்று அச்சடித்திருக்கும். பந்தல்காரர் ஒன்று, மாமா இரண்டு, ஜெயமலரின் கணவர் தில்லையம்பலம் மூன்று, வைன் செய்வதைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து ஆய்வுக்கூடத்தைக் கவனிக்கிற மகள் மயூரி நான்கு. மாமியும் ஜெயமலரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதைப் பற்றி அவள் ஒருநாளும் முறைப்பட்டதும் இல்லை. பேணி அவள் கையில்தானே இருந்தது.

அவள் இந்தக் குடும்பத்துக்கு வந்தது தொண்ணூற்றொன்பதில், இருபத்தாறு வயதில். வந்த மறுவருட ஐப்பசியில் அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். கொழும்பிலிருந்த சித்தப்பா இந்த வீட்டுக்குத்தான் ஃபோன் பண்ணினார். எடுத்தது மாமி. அறுவடை உச்சத்தில் நின்றது. முப்பது பேருக்கு மூன்று வேளையும் சமைப்பது புது மருமகள். மாமி ரிசீவரை வைத்துவிட்டு, மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து, குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடப் போடச் சொன்னார். பதினொரு நாள் அவள் பூ வைத்துக்கொண்டாள், மீன் சாப்பிட்டாள், பழம் பொறுக்க வந்த பெண்களோடு சிரித்தாள். பன்னிரண்டாம் நாள் கடைசித் தொட்டி பிழிந்த பிறகு மாமி அவளை அறைக்குள் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்.

அவள் அழுது முடியும்வரை மாமி பொறுமையாக இருந்தார். பிறகு முதுகைத் தடவியபடி, "சொல்லியிருந்தா மட்டும் போயிருப்பியோ? பேப்பரும் இல்லை, பாதையும் இல்லை" என்றார். அது உண்மைதான்; அவளுக்கு இங்கே வதிவுரிமைப் பத்திரம் இன்னும் வரவில்லை, யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதையும் பூட்டிக்கிடந்தது. அதற்கும் அவள் அடங்கவில்லை என்று கண்டு இன்னொன்றும் சொன்னார். "உன்ர அப்பாதான் சொல்லவேண்டாமெண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவராம். பிள்ளை அங்க தனிய நிண்டு அழுவாள், ஆறுதலாச் சொல்லுங்கோ எண்டவராம்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெயமலர் எழுந்தாள். கடைசி மூச்சிலும் அப்பா தன்னைத்தான் நினைத்திருக்கிறார். ஏழு வருடம் அதை வைத்துக்கொண்டே எத்தனையோ இரவுகளைக் கடந்தாள். ஏழாம் வருடம் தம்பி ஊரிலிருந்து வந்தான். சாப்பாட்டு மேசையில் பேச்சோடு பேச்சாக, அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து கடைசி நாலு நாளும் நாக்கே அசையவில்லை என்றான். எதிரே மாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். பார்வையில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கறி போடு என்றார்.

மாமி செத்து ஐந்து வருடம் ஆகிறது. ஜெயமலர் அவருக்காக மனதார அழுதாள்.

இனி இரத்தினவேலைச் சொல்லவேண்டும். நாற்பத்தாறு வயது. மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் மனைவி நிரோஷினியோடு இருந்தான். பிள்ளைகள் இல்லை. இந்தத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவன், ஒரு சொட்டு வைன் தொண்டைக்குள் விட்டதில்லை. வாயில் வைத்துக் கொப்பளித்து வாளிக்குள் துப்பிவிடுவான். ஆனால் அந்த நாக்கு சொல்வதுதான் தீர்ப்பு. சாறைப் புளிக்கவைக்க இங்கே கடையில் வாங்குகிற ஈஸ்ற் போடுவதில்லை, மருந்து போட்டு ருசியைத் திருத்துவதும் இல்லை. பழத்தின் தோலில் இருப்பதை வைத்தே சாறு புளிக்கவேண்டும். ஒருநாள் பிந்தினால் காடி. பிழியும்போது ஒரு நிமிடம் கூடினால் கசப்பு. மயூரி கண்ணாடிக் குழாய்களில் அளந்து எண்களை எழுதுவாள். எழுதி முடித்து, "அங்கிள், நீங்க என்ன சொல்லுறீங்க?" என்று கேட்பாள்.

"கோயில் கமிற்றிக்காரருக்குத் தெரிஞ்சா என்னைப் படியேற விடமாட்டினம் அக்கா" என்பான் ஜெயமலரிடம். "விழுங்கினவனைவிடத் துப்பினவனுக்குத்தான் ருசி தெரியும் எண்டு சொல்லிப் பார்ப்பம்."

நிரோஷினிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் விடியவே டயாலிசிஸ். பத்து மணிக்கு முடிந்ததும் வெளியே வந்து கணவனை ஃபோனில் கூப்பிடுவாள். அறுவடைக் காலத்தில் அந்த ஃபோன் அரிசிக்குள்ளிருந்து அடிக்கும். "முடிஞ்சுது அக்கா, சொல்லிவிடுங்கோ" என்பாள். ஜெயமலர் கீழே நிலவறைக்குத் தேநீர் கொண்டுபோகும்போது, "நிரோ எடுத்தவ, முடிஞ்சுதாம்" என்பாள். அவன் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். ஆறு வருடமாக இந்தச் செய்தி இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அந்த இருவருக்கும் நடுவில் ஒவ்வொரு பத்து மணிக்கும் நிற்பதில் ஜெயமலருக்கு ஒரு சொந்தம்கூட வந்திருந்தது.

போன வருடம், ஒக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை கழிந்த வியாழக்கிழமை.

அந்த வருடத்தின் சிவப்பு வைன் முழுவதும் நாலாம் தொட்டியில் இருந்தது. விடிய ஐந்து மணிக்கு இரத்தினவேல் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இன்றைக்கே பிழியவேண்டும், நாளைக்கு இது காடி என்றான். மயூரியின் எண்களும் அதையே சொல்லின. ஏழு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஒன்பது நாற்பதுக்குப் பேணி அதிர்ந்தது. ஜெயமலர் மதியத்துக்கு வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற காற்றாடி இரைந்தது. நிரோ வழக்கத்தைவிட இருபது நிமிடம் முந்திவிட்டாளே என்று நினைத்தபடி எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். நிரோஷினியின் குரலில் மூச்சு வாங்கியது. டயாலிசிஸ் பாதியில் மூச்சு இறுக்கிவிட்டதாம், எமேர்ஜென்சிக்கு மாற்றுகிறார்களாம். பிறகு சொன்னாள்:

"அவசரமில்லை அக்கா. வேலை முடியச் சொன்னாக் காணும், அது போதும். அவர் பதறிப்போவார்."

அதோடு ஃபோனை வைக்கவில்லை. தொடர்ந்து கதைத்தாள். வெங்காயம் சிவந்துகொண்டு வந்தது. கடுகு வெடித்தது. ஜெயமலர் ஒரு கையால் சட்டியை ஆட்டியபடி ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கருகமுன் இறக்கிவிடவேண்டுமே என்பதுதான் கவலை. கருகித்தான் போனது. யோசிக்காதே, நான் சொல்லுறன் என்று வைத்தாள்.

கீழே போனாள், சொல்லத்தான் போனாள். நிலவறை வாசலில் தில்லையம்பலம் நின்றார். என்ன என்று கேட்டார். சொன்னாள்.

"அவவே அவசரமில்லை எண்டுதானே சொல்லுறா" என்றார். "நீ ஏன் அவசரப்படுறாய்?"

எங்கள் ஆட்கள் வீடு பற்றி எரிந்தாலும் அடுத்த வீட்டுக்காரனை அவசரமில்லை, ஆறுதலாக வாங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஜெயமலருக்கும் தெரியும், தில்லையம்பலத்துக்கும் தெரியும். அவள் மேலே வந்து தேநீரையும் வடையையும் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினாள். இரத்தினவேல் முழங்கைவரை ஊதா நிறமாக நின்றான். துப்பிவிட்டு நிமிர்ந்து, ஒவ்வொரு நாளும் கேட்பது போலக் கேட்டான்.

"நிரோ எடுத்தவவோ அக்கா?"

"ஓம். ஒண்டுமில்லை. வேலை முடிய எடுக்கட்டாம்."

வடையில் உப்புக் கொஞ்சம் கூட, தில்லையம்பலம் அண்ணையோடு ஏதும் கோபமோ என்று கேட்டான். அவள் சிரித்தாள்.

ஒன்றேகாலுக்கு அடுத்தது. இம்முறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ். கணவரா என்று கேட்டாள். அவர் வேலையில் நிற்கிறார் என்றாள் ஜெயமலர். உடனே வரச் சொல்லு, இப்போதே புறப்படச் சொல்லு என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் நேர்ஸ். அதில் விளங்காமல் போக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி தோட்டத்திலிருந்து இருபது நிமிடம்.

தில்லையம்பலத்தையும் மயூரியையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். தில்லையம்பலம் தாடையைச் சொறிந்தார். ஆஸ்பத்திரிக்காரர் எல்லாருக்கும் உடனே வா என்றுதான் சொல்வார்கள், போனால் ஐந்து மணித்தியாலம் கதிரையில் இருத்திவைப்பார்கள் என்றார். இன்னும் கால்வாசி கிடக்கிறது, இரண்டு மணித்தியாலம்தானே என்றார். ஜெயமலர் மகளைப் பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை. இந்தப் பிள்ளையாவது வேறு மாதிரிச் சொல்லும் என்று எதிர்பார்த்தாள்.

மயூரி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இப்ப அங்கிள் போனா நாலாம் தொட்டி போச்சு அம்மா. லைக், முழுசாப் போச்சு. ரெண்டு அவரில என்ன மாறப்போகுது? ஷீ இஸ் இன் த ஹொஸ்பிற்றல். டொக்டர்ஸ் நிக்கினம்தானே."

மற்ற இருவரும் போன பிறகு ஜெயமலர் தனியே அடுப்படியில் நின்றாள். கீழே போக இருபது படிதான். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குள் பூ வைத்துக்கொண்டு திரிந்த பதினொரு நாள் எழுந்து வந்தது. அதைப் பட்டவள் இன்னொருவனுக்கு அதைச் செய்யமாட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு வந்தது வேறு நினைப்பு. நான் பதினொரு நாள் பொறுத்தேன். இவனுக்கு இரண்டு மணித்தியாலம். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் எங்கோ ஒரு மூலை குளிர்ந்ததையும் அவள் உணர்ந்தாள்.

அதன் பிறகு நாலு தரம் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அரிசி அதிர்ந்து அதிர்ந்து ஃபோன் உள்ளே புதைந்துகொண்டு போனது. கடைசியாக அடித்தது மூன்று இருபதுக்கு.

நாலரைக்கு இயந்திரம் நின்றது. இரத்தினவேல் கடைசிச் சாறை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "காணும் அண்ணை, இதோட நிப்பாட்டுவம். இந்த வருசத்தது நல்லாயிருக்கு" என்றான். தில்லையம்பலம் அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிவந்து, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தார்கள், நிரோவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்றார். ஜெயமலர் அரிசிக்குள் கைவிட்டு ஃபோனைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அவன் கை கழுவக்கூட நிற்கவில்லை.

நிரோஷினி மூன்று பத்துக்கே போய்விட்டாள். கடைசி அரை மணித்தியாலம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாளாம்.

பழத்தின் ஊதாச் சாயம் சவர்க்காரத்துக்குப் போகாது, நகக்கண்ணில் நாலு கிழமை நிற்கும். தகனசாலையில் எல்லாரும் கண்ணாடிக்கு இப்பால் நிற்க, இரத்தினவேல் ஊதா விரலால் பொத்தானை அழுத்தினான். தோட்டத்துக் குடும்பம் பெரிய மலர்வளையத்தோடு முன் வரிசையில் நின்றது. தில்லையம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்து, நிரோ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று பேசினார். சனங்கள் கண்ணைத் துடைத்தார்கள். மயூரியும் அழுதாள். பொய்யாக அழவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த பிறகு ஒரு செய்தி வந்தது. எட்மன்ரனில் நிரோஷினியின் அண்ணன் இருக்கிறார். இங்கே தனியே கிடந்து என்ன செய்யப்போகிறாய், இங்கே வந்துவிடு, வேலையும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று இரத்தினவேலைக் கூப்பிடுகிறாராம். தில்லையம்பலம் ஜெயமலரிடம், "ஒருக்காப் போய்க் கதைச்சுப் பார். நீ சொன்னாக் கேப்பான்" என்றார். வேறு யாருடைய நாக்கை நம்பி அடுத்த வருடம் தொட்டி மூடுவது என்பதும் சேர்ந்துதான் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

அவள் மரக்கறிச் சாப்பாடு கட்டிக்கொண்டு மோர்னிங்சைட்டுக்குப் போனாள். பேஸ்மென்றில் பெட்டிகள் பாதி கட்டினபடி கிடந்தன. இரத்தினவேல் அவளை இருக்கச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தான். பிறகு எதிரே அமர்ந்து ஃபோனை எடுத்து மேசையில் அவள் பக்கம் திருப்பி வைத்தான். அந்த வியாழக்கிழமை வந்த அழைப்புகளின் பட்டியல் திறந்திருந்தது. அடிக்கிற ஃபோனை யாரும் எடுத்துக் கதைக்கலாம். அது உள்ளே எழுதிவைத்திருப்பதை அழிக்க அவனுடைய பூட்டுத் தெரியவேண்டும். அன்றைக்கு அவளுக்கு அந்த யோசனை வந்தது, வழிதான் இருக்கவில்லை.

அவள் அடி வாங்கத் தயாரானவள் போலக் குனிந்தாள். ஒன்றேகால் அழைப்பைக் கேட்கப்போகிறான், எடுக்காமல் விட்ட நாலையும் கேட்கப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் மேலே இருந்த வரியில் விரலை வைத்தான். ஒன்பது நாற்பது. நாலு நிமிடம்.

"நாலு நிமிசம் கதைச்சிருக்கிறா அக்கா" என்றான். "அதுக்குப் பிறகு ஆரோடயும் கதைக்கேல்லை. நான் எல்லாரிட்டயும் விசாரிச்சுப்போட்டன். உங்களோட கதைச்சதுதான் கடைசி. என்ன கதைச்சவ?"

ஜெயமலர் யோசித்தாள். அவசரமில்லை, வேலை முடியச் சொன்னாக் காணும். அதற்கு அரை நிமிடம். மிச்சம் மூன்றரை நிமிடம் காற்றாடி இரைச்சலும் கடுகு வெடித்ததும்தான். அவளுக்குத் தேவைப்பட்ட வரியை மட்டும் காது எடுத்து வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் கீழே விட்டிருந்தது. இவ்வளவு நாளும் அதில் ஒரு குறையும் அவளுக்குத் தெரியவில்லை.

அவன் காத்துக்கொண்டிருந்தான். கோபமே இல்லாத முகம். ஒரு பிச்சைக்காரன்கூட அப்படிக் கையேந்தமாட்டான். எனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாமி தன் முதுகைத் தடவியது நினைவு வந்தது. அந்தப் பொய் ஏழு வருடம் தன்னைத் தாங்கியதும் நினைவு வந்தது. கட்டின பெட்டிகள் கண்ணில் பட்டன. எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"உன்னைத் தோட்டத்தை விடவேண்டாமெண்டு சொல்லச் சொன்னவ தம்பி. எனக்கு என்ன நடந்தாலும் அவர் அங்கயே நிக்கட்டும் அக்கா, அங்க நிண்டாத்தான் அவர் ஆளாயிருப்பார், நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொன்னவ."

இரத்தினவேல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நிரோ செத்த நாளிலிருந்து அவன் அழுததை யாரும் கண்டதில்லை. அன்றைக்கு அழுதான். ஜெயமலர் எழுந்து போய் அவன் முதுகைத் தடவினாள். கை தானாகவே மாமியின் கை போல மெதுவாக மேலும் கீழும் போய்வந்தது. போகும்போது அவன் வாசல்வரை வந்து, "நீங்களாவது அந்த நேரம் எடுத்தியள் அக்கா. இல்லாட்டி இதுவும் கிடைச்சிராது" என்றான்.

எட்மன்ரனுக்கு வரவில்லை என்று அன்றிரவே சொல்லிவிட்டானாம். மைத்துனர் கோபித்துக்கொண்டு அவனோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

குளிருக்கு முன் கொடிகளுக்கு மண் மூடினான். சித்திரையில் தோண்டினான். இந்த வருட செப்டெம்பர் இரண்டாம் சனிக்கிழமை வரிசையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான். ஃபோனை ஜெயமலரிடம் கொடுத்து, "இது இனி அடிக்காது. எண்டாலும் சட்டம் சட்டம்தானே" என்றான். அவள் வாங்கி அரிசிக்குள் வைத்தாள்.

பத்து மணிக்கு அவள் தேநீர் கொண்டு இறங்குவதற்கு முன் அவனே படியேறி வந்தான். அடுத்த நாளும் வந்தான். கதவு நிலையில் சாய்ந்து நின்று தேநீரை வாங்கிக்கொண்டு, "அண்டைக்கு வேறை ஏதும் சொன்னவவோ அக்கா? சின்னக் கதையெண்டாலும் பரவாயில்லை" என்பான். முதல் நாள் அவள், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவ என்றாள். அடுத்த நாள், குளிருக்குக் கழுத்தை மூடச் சொன்னவ என்றாள். மூன்றாம் நாள் அவன் கழுத்தில் நிரோஷினியின் பச்சைச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான். நிலவறைச் சூட்டில் வியர்த்து வழிந்தும் கழற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி நினைவு வைத்திருக்கவேண்டும் என்று அவள் நாட்காட்டியின் பின்பக்கத்தில் சின்னதாக எழுதிவைக்கத் தொடங்கினாள். மயூரி ஒருநாள் அதைக் கண்டு, என்ன அம்மா இது, சமையல் குறிப்போ என்று கேட்டாள்.

நேற்றுக்கு முதல் நாள் அவள் மறுபடியும் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். காற்றாடி இரைந்தது. கடுகு வெடித்தது. சட்டியை ஒரு கையால் ஆட்டி, தலையைத் தோளுக்குச் சரித்தாள். ஃபோன் இல்லாமலே ஏன் சரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் சரிவில், ஒரு வருடமாகத் தேடியும் கிடைக்காத குரல் மூச்சு வாங்கிக்கொண்டு காதுக்குள் வந்தது.

"இந்த அறுவடையோட இவரை நிப்பாட்டப்போறன் அக்கா. கோவிக்காதேங்கோ. எட்மன்ரனில அண்ணா வரச்சொல்லுறார். பத்தொன்பது வருசம் காணும் அக்கா, இவர் அந்த நிலவறைக்குள்ளயே முடிஞ்சுபோவார். நான் சொன்னாக் கேக்கமாட்டார். நீங்கள் சொன்னாக் கேப்பார். சொல்லுவியள்தானே?"

ஓம், ஓம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதுவும் கேட்டது.

கதவடியில் செருமுகிற சத்தம். சால்வையோடு இரத்தினவேல் நின்றான். கைகள் முழங்கைவரை ஊதா. அவள் தேநீரை நீட்டினாள். அவன் வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேறை ஒண்டும் ஞாபகம் வரேல்லையோ அக்கா?"

கீழேயிருந்து மயூரி கூப்பிட்டாள். நாலாம் தொட்டி தயாராம், அங்கிள் வந்து பார்க்கட்டாம். அவன் திரும்பவில்லை. பதிலுக்காக நின்றான்.

"இல்லைத் தம்பி" என்றாள் ஜெயமலர். "அவ்வளவுதான் சொன்னவ."

"சரி அக்கா" என்று கோப்பையை வைத்துவிட்டு இருபது படியும் இறங்கிப் போனான். சற்று நேரத்தில் தொட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஜெயமலர் காற்றாடியை நிறுத்திவிட்டுச் சட்டியை இறக்கிப் பார்த்தாள். வெங்காயம் இந்தமுறை கருகவில்லை.